மாலக்கி மாற்றிய மாத்திரை

கில்டூன் தேவாலயக் கூடத்தில் வெள்ளிக்கிழமை தோறும் பிங்கோ, கூப்பிடுகிற எண்ணைச் சீட்டில் அடித்துக்கொண்டு போகிற ஆட்டம். மேடையில் உட்கார்ந்து எண் கூப்பிடுகிறவன் மாலக்கி டூஹி. அவன் வாயிலிருந்து எண் வருவதற்கு முன்னால் இருமல் வரும். முதலில் சின்ன இருமல், அப்புறம் பெரிய இருமல், அப்புறம் கைக்குட்டை, கடைசியில்தான் எண். புதிதாக வந்தவர்கள் பதறிப்போவார்கள். பழகியவர்கள் அந்த இடைவெளியில் தேநீரை ஒரு மடக்குக் குடித்துக்கொள்வார்கள்.

"மாலக்கி, இப்ப வந்தது எண்ணா, இருமலா? எதை நான் அடிச்சுக்கறது?" என்று முன்வரிசையிலிருந்து திருமதி ஹெஹிர் கத்துவாள்.

"இருமலையே அடிச்சுக்கங்கம்மா. அதுதான் தாராளமா வருது."

கூடம் சிரிக்கும். சிரிக்க வைப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவன் மேல் எனக்கிருக்கிற கோபத்தையெல்லாம் சொல்லித்தான் தீரப்போகிறேன் என்றாலும், இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நோய் பிறவியிலேயே வந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று முழுசாகச் சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் பொறுமை இல்லை, சி.எஃப். என்போம். அயர்லாந்தில் எந்த ஊரில் கேட்டாலும், "எங்க அத்தை வீட்டுல ஒரு பிள்ளைக்கு இருந்துச்சு" என்று யாராவது ஒருவர் சொல்வார். உடம்புக்குள் நீராக ஊற வேண்டியது பசையாக ஊறும். நெஞ்சை அடைக்கும், வயிற்றுக்குள் கணையத்தையும் அடைக்கும். தின்றது ஒட்டாது. அதனால் அந்த வீடுகளில் சாப்பாடு என்பது ஒரு போர். மாலக்கியின் அம்மா கஞ்சியில் பாலாடையை ஊற்றி, அதன் மேல் வெண்ணெயை வைத்து, அவன் விழுங்கும் வரை எதிரிலேயே நிற்பாளாம். எடை இருந்தால் மூச்சு இருக்கும் என்று டாக்டர் சொன்னதை அவள் வேதமாகப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் முடிக்கமாட்டான் என்று சொல்லப்பட்ட பையன் முப்பதைத் தாண்டியும் பிங்கோ கூப்பிட்டான் என்றால் அந்த வெண்ணெய்க்கு அதில் பாதிப் பங்கு உண்டு. அம்மா போன பிறகும் அவன் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

சி.எஃப். உள்ளவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஊரில் எல்லோரோடும் பழகலாம், தங்கள் நோய் உள்ள இன்னொருவரோடு மட்டும் பழகக்கூடாது. ஒருவர் நெஞ்சில் குடியிருக்கும் கிருமி இன்னொருவர் நெஞ்சுக்குப் போனால் அது கொன்றுவிடும். ஆஸ்பத்திரியில் ஒருவருக்குச் செவ்வாய் என்றால் இன்னொருவருக்குப் புதன். ஒரே அறையில் இரண்டு பேரை உட்கார வைக்கவே மாட்டார்கள். உன் கஷ்டம் யாருக்குப் புரியுமோ அவர்கள் பக்கத்தில் நீ போகக்கூடாது. இப்படி ஒரு விதியை எந்தக் கல்நெஞ்சுக்காரன் எழுதினானோ என்று நினைத்தாலும், எழுதியதில் தப்பில்லை.

டெர்வ்லா கான்சிடைனை அவன் சந்தித்ததே இந்தச் சட்டத்தின் வாசலில்தான். மாவட்ட நூலகத்தின் நடமாடும் வண்டி வியாழன் தோறும் கூடத்துக்கு முன்னாலிருக்கும் கார் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும். பழைய ஓட்டுநர் ஓய்வு பெற்று, புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள் என்றார்கள். மாலக்கி துப்பறியும் கதைகளை மூட்டையாகத் தின்கிறவன். படியில் ஒரு காலை வைத்தான். உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டது. ஆழத்திலிருந்து எதையோ பிய்த்துக்கொண்டு வருகிற இருமல். வைத்த காலைச் சட்டென்று எடுத்துவிட்டான்.

வெளியே பின்வாங்கிப் போய், மதில் ஓரம் நின்றுகொண்டு கத்தினான்: "எந்த ஆஸ்பத்திரி?"

வண்டி ஜன்னலில் ஒரு செம்பட்டைத் தலை எட்டிப் பார்த்தது. பூஞ்சையான உடம்பு, பெரிய கண்கள். "நீ எந்தக் கிழமை?" என்று அவள் திருப்பிக் கத்தினாள்.

"புதன்!"

"நான் செவ்வாய்! அங்கேயே நில்லு, கிட்ட வந்தே, புத்தகத்தாலயே அடிப்பேன்!"

அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. அவன் வந்ததும் அவள் வண்டியின் கதவுகளையெல்லாம் திறந்து போட்டுவிட்டு இறங்கி, நிறுத்துமிடத்தின் கடைசி மூலைக்குப் போய்விடுவாள். அவன் ஏறிப் புத்தகம் எடுத்துக்கொண்டு இந்த மூலைக்கு வருவான். அப்புறம் இரண்டு பேரும் ஆளுக்கொரு மதிலில் சாய்ந்துகொண்டு, ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்திக் கத்திப் பேசுவார்கள்.

"அதை எடுக்காத! கொலைகாரன் தோட்டக்காரன்தான்!"

"அடிப்பாவி, சொல்லிட்டியே!"

"இருமிக்கிட்டே படிச்சு முடிக்க உனக்கு ஒரு மாசம் ஆகும். மிச்சம் பண்ணிக் கொடுத்தேன், நன்றி சொல்லு!"

ஊரில் யாரும் அவர்களைக் காதலர்கள் என்று சொல்லவில்லை. கத்திப் பேசுகிறவர்களைப் பற்றி அப்படி நினைக்கத் தோன்றாது. ஆனால் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவன் அவளுக்குப் போன் போடுவான். போனில்தான் அவர்கள் மெதுவாகப் பேசினார்கள். அவனுக்கு அவள்மேல் உயிர். அதை அவன் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தொட முடியாதவளிடம் என்ன சொல்வது?

இப்படியிருக்கும்போதுதான் சர்க்கரை வந்தது. அவனுக்கும் வந்தது, அவளுக்கும் வந்தது. எங்கள் பக்கத்துச் சி.எஃப்.காரர்களுக்கு முப்பது வயதில் அது வருவது அதிசயம் இல்லை. பசையில் சிக்கிச் சிக்கிக் கணையம் வடுவேறிப்போகிறது, இன்சுலின் சுரப்பது கொஞ்சம் கொஞ்சமாக வற்றுகிறது. முழுக்க வற்றினால் ஊசி. ஊசி வந்துவிட்டால் உடம்பும் இளைக்கத் தொடங்கியிருக்கும் என்று அர்த்தம்.

"அப்ப இனிமே இனிப்பை விடணுமா?" என்று மாலக்கி நர்ஸ் ப்ரீடாவைக் கேட்டான். சி.எஃப். பிரிவில் அவனைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறவள் அவள். பருத்த கைகள், வெடுக்கென்ற பேச்சு.

"விட்டுத்தான் பாரேன், உன் காலை முறிக்கிறேன். இது உன் மாமாவுக்கு வந்த சர்க்கரை இல்ல ராசா. நீ வழக்கம்போல தின்னு. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

அவள்தான் ஒரு மருந்துப் பரிசோதனையைப் பற்றிச் சொன்னாள். மற்றச் சர்க்கரைக்காரர்கள் தின்கிற மாத்திரை ஒன்று, மிச்சமிருக்கிற சுரப்பைக் காப்பாற்றித் தருமா என்று பார்க்கப்போகிறார்கள். பல ஊர் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்கிறார்கள். இரண்டு வருஷம், தினம் ஒரு மாத்திரை. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே அளவில், அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, ப்ரீடாவுக்கும் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகுதான் திறந்து பார்ப்பார்கள்.

"கண்டுபிடிக்கப் பாக்காத மாலக்கி," என்றாள் ப்ரீடா. "உன்னைத் தெரியாதா எனக்கு? துப்பறியும் கதை படிக்கிறவன். இதுல தெரியாம இருக்கிறதுதான் உன் வேலை. அதை ஒழுங்கா செஞ்சாப் போதும்."

அவன் சும்மா சேர்ந்தான். டெர்வ்லா சேர்ந்திருக்கிறாள் என்பதற்காகச் சேர்ந்தான். அவள் சேர்ந்ததற்குக் காரணம் வேறு. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்களிடம் அப்போதெல்லாம் பெரிய வண்டி ஓட்டும் உரிமத்தை விட்டுவைக்க மாட்டார்கள். ஊசி வந்த நாளே வண்டி போய்விடும். அந்த வண்டிதான் அவளுக்கு எல்லாம். கடலோரம் முழுக்க, பாறைக்காட்டு ஊர்கள் முழுக்க அவள் தனியாக ஓட்டிப் போவாள். நான்கு சுவருக்குள் உட்கார வைத்தால் செத்துப்போவேன் என்பாள். மாலக்கிக்கும் அந்த வண்டியில் ஒரு பங்கு இருந்தது. வண்டி நின்றால் வியாழக்கிழமையும் நின்றுவிடும்.

முதல் வருஷம் முடியும்போது சர்க்கரை அளவு பார்க்கக் கூப்பிட்டார்கள். வெறும் வயிற்றில் போய், கொடுத்த இனிப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, கையில் ஊசியோடு உட்கார்ந்து இரத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மாலக்கிக்கு அளவுகள் அசையவே இல்லை. டெர்வ்லாவுக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது. இன்னும் எல்லைக்குள்தான் இருக்கிறது, கவலை வேண்டாம் என்றார் டாக்டர். அவளா கவலைப்படாமல் இருப்பாள்?

"எனக்கு மாவுதான் வந்திருக்கு மாலக்கி," என்றாள் அன்று போனில். குரல் உடைந்திருந்தது. "ஒரு வருஷமா மாவைத் தின்னுக்கிட்டு நல்லா ஆகப்போறேன்னு நம்பிக்கிட்டு இருந்திருக்கேன்."

அங்கேதான் அந்தத் துப்பறியும் மூளை வேலை செய்தது. "ஒண்ணு பண்ணு. மாத்திரை ஒண்ணை எடுத்துக் கடிச்சுப் பாரு."

"கடிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே?"

"ப்ரீடா உன் சமையலறையிலயா நிக்கிறா? கடி."

இருவரும் ஆளுக்கொன்றைக் கடித்தார்கள். மாலக்கிக்கு நாக்கே சுருண்டுபோகிற கசப்பு. "உனக்கு?"

"ஒண்ணுமே இல்ல. சுண்ணாம்பைத் தின்ன மாதிரி இருக்கு."

அவ்வளவுதான். கசந்தால் மருந்து, சப்பென்றிருந்தால் மாவு. வழக்கு முடிந்தது, குற்றவாளி பிடிபட்டான்!

மடையன். வேறென்ன சொல்வது? டெர்வ்லாவின் மூக்குக்குள் சதை வளர்ந்து, சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை வெட்டி எடுத்திருக்கிறார்கள். சி.எஃப்.காரர்களுக்கு அதுவும் ஒரு சீதனம். நல்ல மூக்கு உள்ளவர்களுக்குத் தெரிகிற வாசனையில் கால்வாசிகூட அவளுக்குத் தெரியாது. வருஷக்கணக்காகத் தின்ற மருந்துகளில் நாக்கின் ருசியும் போய்விட்டது. வறுத்த மீனிலும் உருளைக்கிழங்கிலும் அவள் வினிகரை ஊற்றினால் பொட்டலமே ஊறிக் கிழியும். அதைப் பார்த்து, "மீனைத் திரும்பக் கடல்ல விடப்போறியா?" என்று எதிர் மதிலிலிருந்து கேலி செய்தவனே இவன்தான். கேலி செய்யத் தெரிந்தது, அன்றைக்கு மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. ஞாபகத்துக்கு வர அவன் விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அதற்குள் அவன் மனசு வேறொரு பெரிய காரியத்தை முடிவு செய்துவிட்டிருந்தது.

"டெர்வ்லா, புட்டியை மாத்திக்கலாம்."

"என்னது?"

"என்னுதை நீ எடுத்துக்க, உன்னுதை நான் எடுத்துக்கறேன். பாக்க ஒரே மாதிரிதான் இருக்கு. யாருக்குத் தெரியப்போவுது?"

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? அப்ப உனக்கு?"

"எனக்கு என்ன, வண்டியா ஓடுது? ஊசியைக் குத்திக்கிட்டே எண் கூப்பிடலாம். திருமதி ஹெஹிர் வேணும்னா பிடிச்சுக் குத்திவிடுவா. ரொம்ப சந்தோஷமாக் குத்துவா."

அவள் சிரிக்கவில்லை. வேண்டாம் என்றாள். மறுநாளும் வேண்டாம் என்றாள். அது திருட்டு என்றாள். நாலு பேர் நம்பித் தின்னப்போகிற மருந்தின் கணக்கைக் கெடுப்பது என்றாள். அவன் விடவில்லை. கெஞ்சினான், கோபித்துக்கொண்டான், ரெண்டு நாள் போன் பண்ணாமல் இருந்து பார்த்தான். ஒரு மனுஷிக்காக எதையாவது விட்டுக்கொடுக்கிற வாய்ப்பு அவனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வந்திருந்தது. கையைப் பிடிக்க முடியாது, பக்கத்தில் உட்கார முடியாது. இதையாவது கொடுக்கவிட மாட்டாளா? அன்பு என்றுதான் அவன் அதற்குப் பெயர் வைத்துக்கொண்டான். அன்பும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் தியாகம் செய்கிறவனுக்கு ஏறுகிற போதை கள்ளைவிட மோசம். எதிராளிக்கு அது வேண்டுமா என்று கேட்கிற நிதானம்கூட இருக்காது.

கடைசியில் அவள் பயம்தான் அவளைச் சம்மதிக்க வைத்தது. மலைச்சாலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்போது, இன்னும் எத்தனை நாளைக்கு என்ற நினைப்பு வந்துவிட்டதாம். "சரி," என்றாள்.

வியாழக்கிழமை அவன் தன் புட்டியை ஸ்பிரிட்டால் துடைத்து, அகராதிகள் இருக்கும் தட்டின் பின்னால் வைத்துவிட்டு, அங்கே அவள் வைத்திருந்த புட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினான். தூரத்து மதிலிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று இருவரும் கத்திப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் புதுப் புட்டி தரும்போதெல்லாம் இது நடந்தது.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு அவளுக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. ஊருக்கு ஊர் வண்டியை நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். கோட்டு தோளில் தொங்க ஆரம்பித்ததை மாலக்கி இந்த மதிலிலிருந்தே பார்த்தான்.

"நல்லா சாப்பிடுறியா?"

"குதிரை மாதிரி சாப்பிடுறேன்!"

"அப்புறம் ஏன் இப்படி?"

"மருந்து வேலை செய்யக் கொஞ்ச நாள் ஆகும்னு நீதானே சொன்னே!" என்று அவள் கத்தினாள். அதில் கேலி இல்லை, நம்பிக்கைதான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை.

அந்த வசந்தத்தில் அவளுக்கு ஊசி ஆரம்பித்தார்கள். பரிசோதனையிலிருந்து அவள் பங்கு அதோடு முடிந்தது. உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மாவட்ட நூலகத்தில் ஜன்னல் இல்லாத ஒரு பின்னறையில், புத்தகங்களுக்கு உறை போடுகிற வேலை கொடுத்தார்கள். வண்டிக்கு வேறு ஒருவர் வந்தார், நல்ல மனிதர்தான். மாலக்கி ஒருமுறை ஏறினான், எந்தப் புத்தகத்தையும் எடுக்காமல் இறங்கிவிட்டான். அவளை அப்புறம் அவன் கண்ணால் பார்க்கவே இல்லை. அவள் இருந்த ஊர் பேருந்தில் போகிற தூரம்தான். போய் எங்கே நிற்பது? பின்னறையில் மதில் ஏது?

போன் மட்டும் நிற்கவில்லை. "என் மருந்தும் உனக்குப் பலிக்கலையே" என்று அவன் வருத்தப்பட்டான். "நீ பாவம், உன்னுதையும் கொடுத்துட்டு நிக்கிறே" என்று அவள் அவனைத் தேற்றினாள். அவன் அந்தத் தேறுதலை வாங்கிக்கொண்டான். இதைச் சொல்லும்போது எனக்கே கூசுகிறது.

அவனுக்கும் இரண்டு வருஷம் முடிந்தது. ஊசி தேவைப்படவில்லை. எடைகூட ஏறியிருந்தது. எல்லா ஊர்களிலும் கடைசி ஆள் முடிக்கும் வரை காத்திருந்து, பிறகு ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, யாருக்கு எது கொடுத்தோம் என்று சொன்னார்கள். டெர்வ்லாவுக்குச் செவ்வாய், மாலக்கிக்குப் புதன்.

ப்ரீடா அன்று தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். வழக்கமாக நின்றுகொண்டேதான் பேசுவாள்.

"மாவு, மாலக்கி. ரெண்டு வருஷமும் உனக்கு நாங்க கொடுத்தது வெறும் மாவு."

அவன் முதலில் சிரித்தான். "இருக்காது. பயங்கரமாக் கசந்துச்சே?"

"கடிச்சுப் பாத்தியா?" அவள் குரலில் ஆச்சரியமே இல்லை. "ரெண்டுக்கும் ஒரே பூச்சுதான். யாரும் ருசி பாத்துக் கண்டுபிடிச்சிடக்கூடாதுன்னு வேணும்னே ஒரே மாதிரி கசக்க வெச்சது. மூக்கும் நாக்கும் நல்லா இருக்கிறவன் எதைக் கடிச்சாலும் கசக்கும்."

மூக்கும் நாக்கும் நல்லா இருக்கிறவன். அந்த வார்த்தை மாலக்கிக்கு உள்ளே போய் இறங்கியது. வினிகர் ஊறிய பொட்டலம் கண்முன்னால் வந்து நின்றது.

"வேற ஏதாவது சொல்லணுமா ராசா?" என்று ப்ரீடா கேட்டாள். பதமாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, அவசரமில்லை என்பதுபோல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

சொல்லியிருக்கலாம். வாய்க்கு வந்த எதையும் அடக்காதவன், ஊரையே சிரிக்க வைக்கிறவன், அந்த ஒரு தடவை வாயைத் திறந்திருக்கலாம். அவமானம் விடவில்லை. இவள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டுமே, டாக்டரைக் கூப்பிடுவாளே, விசாரிப்பார்களே என்று என்னென்னவோ ஓடியது.

"ஒண்ணும் இல்ல ப்ரீடா," என்றான். "மாவுலயே இப்படி இருக்கேன்னா, மருந்து கொடுத்திருந்தா பறந்திருப்பேன்."

ப்ரீடா சிரிக்கவில்லை. எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

பேருந்தில் வரும்போது அவன் ஜெபம் செய்தான். கோயிலுக்கு எண் கூப்பிட மட்டும் போகிறவன், அன்றைக்கு உண்மையாகவே ஜெபித்தான். அவளுக்கும் மாவாகவே இருக்கட்டும். இருவருக்குமே மாவு என்றால் மாற்றியதால் ஒரு நஷ்டமும் இல்லை, மாவைக் கொடுத்து மாவை வாங்கிய இரண்டு முட்டாள்கள் என்று சிரித்துக்கொள்ளலாம். பாதிப் பேருக்கு மாவுதானே. இருக்கக்கூடாதா? கடவுளே, இருக்கக்கூடாதா?

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் போன் போட்டான்.

"போனியா?" என்றாள் டெர்வ்லா.

"போனேன். எனக்கு மாவாம். உனக்கு?"

"மருந்து," என்றாள்.

சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். முதல் வருஷம் அவள் தின்றது மருந்து. அந்த மருந்து கொஞ்சமாவது தடுத்து நிறுத்தியதால்தான் அவளுக்குச் சர்க்கரை அவ்வளவோடு நின்றதோ என்னவோ. அதைப் பிடுங்கி இவன் தின்றான். தன் மாவை எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டு, பெரிய தியாகியாக மதிலில் சாய்ந்து நின்றான். எடை ஏறிய தன் வயிற்றைத் தொடவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"டெர்வ்லா... நான்தான் உன்னை..."

"இரு. ப்ரீடாவைக் கேட்டேன். மாத்தாம இருந்திருந்தாலும் ஊசி வந்திருக்கலாமாம். வராமலும் இருந்திருக்கலாமாம். ஒருத்தியை வெச்சுச் சொல்ல முடியாதாம். யாருக்கும் தெரியாது மாலக்கி, இனிமே தெரியவும் தெரியாது."

அவன் அழுதான். அழுதால் அவனுக்கு இருமல் வரும், இருமினால் மூச்சு போகும். அவள் காத்திருந்தாள். பிறகுதான் அவள் சொன்ன ஒரு விஷயம் அவன் மண்டையில் உறைத்தது.

"ப்ரீடாவைக் கேட்டியா? அப்படின்னா... அவகிட்ட சொல்லிட்டியா?"

"நேத்தே சொல்லிட்டேன், புட்டி மாத்தினது எல்லாத்தையும். எவளோ ஒருத்தி பெத்த பிள்ளை நாளைக்கு இந்த மாத்திரையைத் தின்னப்போவுது. நம்ம பொய்க் கணக்கு அதுல இருக்கக்கூடாதுன்னு சொன்னேன். ரெண்டு பேரையும் கணக்குலேருந்து எடுத்துட்டாங்க."

"அப்ப உன் வண்டி போனது, நாம ரெண்டு பேரும் குத்திக் குத்தி ரத்தம் கொடுத்தது, எல்லாம்?"

"ஒண்ணுக்கும் ஆகல."

அப்போது அவள் கேட்டாள்: "நீ இன்னிக்குச் சொன்னியா?"

பொய் சொல்லிப் பயனில்லை. "இல்ல."

"ப்ரீடா சொன்னா, 'மாலக்கி வரட்டும், அவனே சொல்லுவான், நானா கேக்க மாட்டேன், எனக்கு அவனைச் சின்னதுலேருந்து தெரியும்'னு. நானும் ஆமாம்னேன். கேக்கறதுக்கு முன்னாடியே அவன் சொல்லிடுவான்னு சொன்னேன். மாத்திரைக்கு நான் கோவப்படல மாலக்கி. நானும் சேர்ந்துதான் பண்ணேன், எனக்கும் ஆசை இருந்துச்சு. ஆனா நேத்து அந்த அறையில நான் மட்டும் உக்காந்து சொல்லி முடிச்சேன். நீயும் நாளைக்கு வந்து இதையே சொல்லப்போறேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் என்னால சொல்லவே முடிஞ்சுது."

"நாளைக்கே போறேன். நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்."

"போ," என்றாள். "சொல்லு."

போனான். மறுநாள் முதல் பேருந்தில் போய், வாசலிலேயே ப்ரீடாவைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டினான். அவள் கேட்டுக்கொண்டாள், தோளைத் தட்டினாள், தேநீர் வாங்கிக் கொடுத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அது முடிந்துபோன ஒரு விஷயத்தை மரியாதைக்குக் கேட்டுக்கொள்கிற முகம்.

ஞாயிற்றுக்கிழமை டெர்வ்லாவுக்குப் போன் பண்ணினான். எடுக்கமாட்டாள் என்று பயந்திருந்தான், எடுத்தாள். ப்ரீடாவிடம் சொல்லிவிட்டதைச் சொன்னான். "நல்லது," என்றாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டான். பரவாயில்லை என்றாள். பிறகு அவள், "உங்க பக்கம் மழை எப்படி?" என்று கேட்டாள்.

கடையில், பேருந்து நிறுத்தத்தில், பெயர் தெரியாதவர்களோடு நாங்கள் மழையைப் பற்றித்தான் பேசுவோம். அத்தனை வருஷத்தில் அவர்கள் இருவரும் அதைப் பேசியதே இல்லை.

"காலையிலேருந்து விடல," என்றான் மாலக்கி. "உங்க பக்கம்?"

"இங்கயும் அப்படித்தான்," என்றாள் அவள். "சாயங்காலம் கொஞ்சம் விடும்னு சொல்றாங்க."